காதில் விழத்தான் செய்யும்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், ஒரு காம்பராவுக்கும் (ஒரு குடும்பம் இருக்கும் அறைக்கும்) அடுத்த காம்பராவுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரை வரை போகாது. தகரத்துக்குக் கீழே ஒரு முழம் இடைவெளி. அந்தப் பக்கம் தாத்தா இருமினால் இந்தப் பக்கம் எங்கள் உறக்கம் கலையும். "ஊர் பேசுவதைக் காதில் போட்டுக்கொள்ளாதே" என்று அறிவுரை சொல்கிறவர்கள் இப்படி ஒரு சுவருக்குப் பக்கத்தில் படுத்ததில்லை என்றே நினைக்கிறேன். எங்களைப் பற்றிய பேச்சு எங்கள் அடுப்படிக்கே வந்து சேர்ந்துவிடும்.

2019 ஆவணியில் தங்கச்சி பெரிய பிள்ளையானாள். நான் அப்போது கொழும்பில் ஒரு கடையில் வேலை. செய்தி கேட்ட அன்றே கணக்குப் போட்டுவிட்டேன். மண்டபம், பந்தல், சாப்பாடு, படம் எடுப்பவர், இரண்டு சேலை என்று எப்படிக் குறைத்தாலும் ஒன்றரை இலட்சத்துக்குக் கீழே வரவில்லை. அந்த ஆண்டு தோட்டத்தில் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபாய். அம்மா 215 நாள் மலையேறிக் கொழுந்து பறித்தால்தான் அந்தத் தொகை வரும், அதுவும் ஒரு நாள்கூட அரைப் பேர் (அரைச் சம்பளம்) விழாமல், ஒரு வேளைகூடச் சாப்பிடாமல்.

அது தெரிந்தும் கடன் எடுத்துச் செய்வோம் என்று சொன்னவன் நான்தான். "நாளைக்கு நாலு பேர் முன்னால் தலை நிமிர்ந்து நடக்க வேண்டாமா அம்மா?" என்றேன்.

"கிழமைக்கு ஒருமுறை கடன்காரன் வாசலில் வந்து நிற்பானே தம்பி, அப்போது எந்தத் தலையை நிமிர்த்துவாய்?" என்று கேட்டார். அதற்கு மேல் பேச்சில்லை. அத்தை வந்து தண்ணீர் ஊற்றினார். உளுந்தங்களி கிண்டினார்கள். மாமா ஒரு சேலை எடுத்து வந்தார். சடங்கு முடிந்தது. சீட்டில் சேர்ந்திருந்த பணம் தங்கச்சியின் படிப்புக்கென்று அப்படியே இருந்தது.

பேசினார்கள். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடும் பிரட்டுக்களத்தில் பேசினார்கள், கொழுந்து நிறுக்கும் இடத்தில் பேசினார்கள், இரவில் சுவருக்கு அந்தப் பக்கம் பேசினார்கள். "மகன் கொழும்பில் சம்பாதிக்கிறான், ஒரு வாய்ச் சோறு போட மனமில்லை." ஒரு வீட்டார் ஏறக்குறைய இரண்டு வருடம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அப்பா இறந்தபோது தோள் கொடுத்தவர்கள் அவர்கள்தான். நடு இரவில் பிரசவ வலி வந்தால் லொறி தேடி ஓடுகிறவர்களும் அவர்கள்தான். அதனால்தான் அவர்கள் சொல் அவ்வளவு கனமாக விழுகிறது. எங்கோ இருக்கும் யாரோ பேசினால் வலிக்காது. அம்மா அந்தப் பேச்சையெல்லாம் கேட்டார், ஓரிரு இரவுகள் அழவும் செய்தார். ஆனால் முடிவை மாற்றவில்லை. துணிச்சல் என்றால் என்ன என்று நான் கற்றுக்கொண்டது அங்கேதான்.

இலங்கையின் தோட்டப் பகுதியான எங்கள் மலையகத்துக்கு இது புதிதும் இல்லை. 1930களில் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசையரின் மனைவி மீனாட்சியம்மை, தொழிலாளர் கூட்டங்களில் மேடையேறித் தானே இயற்றிய பாட்டுகளைப் பாடினார். தோட்டத்து அதிகாரியான துரைக்கும், வேலை வாங்கும் கங்காணிக்கும் முன்னால் வாய் திறக்கவே அஞ்சிய காலம் அது. மேடையில் நின்று பாடிய ஒரு பெண்ணை ஊர் வாய் சும்மா விட்டிருக்குமா? பாடினார். 200 ஆண்டுக்கு முன் கோப்பிக் காட்டுக்குக் கொண்டுவரப்பட்ட மக்களின் கதையை இன்று நாம் பெருமையோடு பேசுகிறோமே, அந்தப் பெருமையை இப்படிப்பட்டவர்கள் சம்பாதித்துத் தந்தார்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. தங்கச்சிக்கு அன்று வருத்தம் இருந்தது. தன் வகுப்புத் தோழிகள் எல்லோரிடமும் ஆல்பம் இருக்கிறது, தன்னிடம் இல்லை என்று ஒரு நாள் சொன்னாள். பிறகு அட்டன் நகரில் தங்கி விஞ்ஞானப் பிரிவில் உயர்தரம் படித்தாள். அந்த ஆல்பத்துக்கு இது ஈடாகிவிட்டதா என்று நான் அவளிடம் கேட்டதில்லை. அது அவள் சொல்ல வேண்டியது.

இதை இப்போது எழுதக் காரணம், போன வாரம் எங்கள் தோட்டத்துத் தம்பி ஒருவன் அழைத்து, மகளின் சடங்குக்காக நுண்கடன் எடுக்கப் போவதாகச் சொன்னான். "எடுக்காதே" என்றேன். "நீங்கள் சொல்லிவிடுவீர்கள் அண்ணா, பேச்சை நான்தானே கேட்க வேண்டும்" என்றான். ஆமாம், கேட்கத்தான் வேண்டும். பொய் சொல்லி அவனைத் தேற்ற முடியாது. ஆனால் பேச்சு ஒரு நாள் ஓய்ந்துவிடும், வட்டி ஓயாது. எடுக்காதே தம்பி என்று இங்கேயும் கேட்டுக்கொள்கிறேன்.

அம்மாவிடம் ஒரு மொய் நோட்டு இருக்கிறது. எந்த வீட்டுக்கு எவ்வளவு வைத்தோம் என்று பல வருடக் கணக்கு, பாதி என் சிறு வயதுக் கையெழுத்தில். நாங்கள் பந்தல் போடாததால் அதில் உள்ள பணம் திரும்பி வரவேயில்லை. போன மாதம், எங்கள் வாசலை மிதிக்காமல் இருந்த அதே வீட்டில் பேத்திக்குச் சடங்கு. அம்மா போனார். ஆயிரம் ரூபாய் மொய் வைத்தார், சாப்பிட்டார், வந்தார். எழுதுவதற்காக நான் நோட்டை எடுத்தேன்.

"அதை உள்ளே வை" என்றார்.