இலங்கையின் மலேரியாச் சான்று பற்றி

‘இலங்கையில் இன்னும் மலேரியா நோயாளிகள் வருகிறார்கள், அப்படியானால் மலேரியா அற்ற நாடு என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் கொடுத்த சான்று பொய்’ என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். நோயாளிகள் வருவது உண்மைதான். ஆனால் அது பெரும்பாலும் வெளிநாட்டில் கொசு கடித்து, இங்கே வந்தபின் கண்டுபிடிக்கப்படும் காய்ச்சல். உலக சுகாதார நிறுவனம் பார்ப்பது உள்ளூர்ப் பரவலை: தொடர்ந்து மூன்று ஆண்டுகளாவது அது நின்றிருக்க வேண்டும். சான்றுக்கு முன் இலங்கையில் கடைசி உள்ளூர் நோயாளி 2012 அக்டோபரில்.

அந்நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் உலக மலேரியா அறிக்கையில் உள்ளூர்த் தொற்றும் வெளியிலிருந்து வந்ததும் தனித்தனியாக இருக்கும், இலவசமாகவே பார்க்கலாம்.

ஆனாலும் கவனம் தளரக் கூடாது. 1963இல் இலங்கையில் மலேரியா வந்தது வெறும் 17 பேருக்கு. கண்காணிப்புத் தளர்ந்தது; அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் லட்சக்கணக்கானோருக்கு மலேரியா. அதனால் ஆப்பிரிக்கா, இந்தியா போய்வந்து காய்ச்சல் கண்டால், தயவுசெய்து பயண விவரத்தை மருத்துவரிடம் சொல்லி இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.