சனிக்கிழமை ராத்திரி ஒன்றரை மணி

நேற்றிலிருந்து அந்தப் பதிவில் நடப்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். "சனிக்கிழமை ராத்திரி ஒன்றரை மணிக்குக் குழந்தைக்குத் தூக்கித் தூக்கிப் போட்டது" என்று எழுதிய அக்காவுக்கு, "அது ஞாயிற்றுக்கிழமைங்க" என்று திருத்தம். கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள்.

அவர் எழுதியது சரியான தமிழ். ராத்திரி என்றால் பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை ஒரே ராத்திரி. பன்னிரண்டு அடித்ததும் அது பாதியில் கிழமை மாறாது. பஞ்சாங்கத்தில் இன்றும் கிழமை மாறுவது சூரிய உதயத்தில்தான். ஒரு நாளை ஆறு சிறுபொழுதாகப் பிரித்தவர்கள் இரவு 10 முதல் 2 மணிவரை உள்ள பத்து நாழிகையை யாமம் என்றார்கள். கடிகாரத்தின் 12 மணி அதற்கு நட்டநடுவில் விழுகிறது. முன்பாதி சனி, பின்பாதி ஞாயிறு என்று வாழ்கிற மனுஷர் யார்?

"1947 ஆகஸ்ட் 14 நள்ளிரவில் சுதந்திரம்" என்று எல்லாரும்தான் எழுதுகிறோம். தேதி 15. அதற்கு யாரும் சிரித்துப் பார்த்ததில்லை.

பழைய பஞ்சாங்கம் பேசுகிறேன் என்பீர்கள். இஸ்லாமிய நாள்காட்டியில் நாள் தொடங்குவது சூரியன் மறைந்ததும். வானியலில் பயன்படும் ஜூலியன் நாள் இன்றும் நண்பகலில் தொடங்குகிறது. நள்ளிரவும் அப்படி ஓர் ஏற்பாடு, அவ்வளவுதான்.

"இதனால்தான் ரயிலைத் தவறவிடுகிறார்கள்" என்று ஒருவர். உண்மை. 15ஆம் தேதி 00.20 வண்டிக்கு 14ஆம் தேதி ராத்திரியே போய் நிற்க வேண்டும். டிக்கெட்டுக்குக் கடிகாரக் கணக்குதான் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அக்கா டிக்கெட்டா போட்டார்? பிள்ளைக்கு வலிப்பு வந்ததைச் சொன்னார். சொல்கிறவர் பதறிப்போய்ச் சொல்லும்போது கிழமையைத் திருத்த எப்படி மனசு வருகிறது?

எங்கள் அப்பா இறந்தது ராத்திரி ஒன்றேமுக்காலுக்கு. சான்றிதழில் சனிக்கிழமை. அம்மாவுக்கு அது வெள்ளிக்கிழமை ராத்திரி. மாத்திரை கொடுத்தது, மூச்சு வாங்குகிறதே என்று தலையணையை உயர்த்தி வைத்தது, கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது, எல்லாம் அவருக்கு ஒரே ராத்திரி. துக்கம் கேட்க வந்த சொந்தக்காரர் ஒருவர், அம்மா சொல்லச் சொல்லவே, "சனிக்கிழமைன்னு சொல்லுங்கக்கா" என்றார். அம்மா பாதியிலேயே நிறுத்திவிட்டார். அப்புறம் என்ன ஆச்சு என்று அவர் கேட்கவே இல்லை.