குன்னூரில் சமதரை யாருக்கு?

எங்கள் வார்டுப் பூங்காவில் சிறுவர்களுக்கு விளையாட்டு இடம் அமைக்கலாமா வேண்டாமா என்று இரண்டு மாதமாகப் பேச்சு நடக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் ஆரம்பித்து ரேஷன் கடை வரிசை வரைக்கும் வந்துவிட்டது. அமைத்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து. தினமும் காலையில் அங்கே நடக்கிறவர்களில் நானும் ஒருத்தி. நடக்கிறவர்கள் எல்லோரும் எதிர்ப்பதாக ஒரு பேச்சு பரவுகிறது, அது உண்மையில்லை.

சமவெளியில் இருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியாது. குன்னூரில் இடத்துக்குப் பஞ்சமில்லை, சமதரைக்குத்தான் பஞ்சம். ஒரு வீட்டின் கூரை மட்டத்தில் அடுத்த வீட்டின் வாசல், அதற்கும் மேலே தெரு. பந்து கை தவறினால் நாலு வரிசை வீடு தாண்டிக் கீழே ஓடையில்தான் போய் நிற்கும். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் வாசல் என்பதே ஆள் நடக்கிற அளவு சிமெண்டுத் தரை. பள்ளி மைதானங்களை மாலையில் பூட்டிவிடுகிறார்கள். வெலிங்டன் பக்கம் இருப்பது ராணுவ இடம். மீதி எல்லாம் தேயிலை. அப்புறம் பிள்ளைகள் எங்கே போவார்கள்? ரோட்டுக்குத்தான். வளைவில் ஜீப் வருகிறதா என்று ஒரு பிள்ளை பார்த்துக்கொண்டு நிற்க, மற்றவர்கள் விளையாடுகிறார்கள். இதைப் பார்த்துப் பார்த்து நமக்கெல்லாம் பழகிப்போய்விட்டது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"சிம்ஸ் பூங்கா இருக்கிறதே" என்று ஒருவர் எழுதியிருந்தார். 1874இல் உருவான அருமையான பூங்கா, 12 ஹெக்டேர் பரப்பு, எனக்கும் பிடிக்கும். ஆனால் நாலரை மணிக்குப் பள்ளி விட்டு வரும் பிள்ளை பஸ் ஏறி, நுழைவுச் சீட்டு எடுத்து, விளையாடி, இருட்டுவதற்குள் வீடு திரும்ப முடியுமா? மே மாதம் பழக் கண்காட்சி நடக்கும்போது நாமே அந்தப் பக்கம் போக யோசிக்கிறோம். பிள்ளைகளுக்கு வேண்டியது கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஓர் இடம்.

அமைதி கெட்டுவிடும் என்பது பெரியவர்கள் சொல்லும் முதல் காரணம். நாம் நடப்பது காலை ஆறிலிருந்து எட்டு வரை. அந்த நேரத்தில் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். இரண்டு கூட்டமும் சந்திப்பது சனி, ஞாயிறு காலையில் மட்டும்தான். அந்த இரண்டு நாளும் எட்டரைக்கு மேல் விளையாட்டு என்று வைத்துக்கொண்டால் முடிந்தது. சுற்றுலா வண்டிகள் வந்து குவியும் என்ற பயமும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வர இ-பாஸ் எடுக்கும் அளவுக்கு நம் ஊர் நெரிசலால் திணறியது நிஜம்தான். ஆனால் டால்பின் மூக்கும் லாம்ப்ஸ் ராக்கும் பார்க்க வருகிறவர்கள் வண்டி நிறுத்த இடமில்லாத ஒரு வார்டுப் பூங்காவுக்காகத் திரும்ப மாட்டார்கள்.

மண் சரியும் என்ற பயம் அப்படியல்ல. அதை நான் முழுமனதாக ஏற்கிறேன். 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சரிவை வெட்டிச் சமமாக்குவது என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். ஜேசிபி இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வாங்க வேண்டும் என்ற கட்டுப்பாடு சும்மா வரவில்லை. ஒப்பந்ததாரர் காட்டிய வரைபடத்தில் பூங்காவின் மேல்பக்கச் சரிவை வெட்டி, தடுப்புச் சுவர் கட்டி, சிமெண்ட் தளம் போட்டு, அதன்மேல் ஏணி வைத்த சறுக்கு மரம் நிறுத்துவதாக இருக்கிறது. அந்த வரைபடத்தை நானும் எதிர்க்கிறேன். சமவெளியில் ஒரு நகருக்குப் போட்டதை அப்படியே இங்கே கொண்டுவந்திருக்கிறார்கள்.

நம்மிடம் இருப்பது சரிவு. சறுக்கு மரத்தை அந்தச் சரிவின் மேலேயே படுக்க வைக்கலாமே! வெட்ட வேண்டியதில்லை, ஏணி தேவையில்லை. பக்கத்தில் கல் படி வைத்தால் ஏறிக்கொள்வார்கள். அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் விளையாட்டு மைதானக் கையேட்டில் இதற்கு விதியே இருக்கிறது: சறுக்கும் தடம் அடியிலுள்ள மண்ணிலிருந்து ஓரடிக்கு மேல் உயர்ந்து நிற்கக் கூடாது. அந்த உயரத்திலிருந்து விழுந்தால் பெரும்பாலும் முட்டி சிராய்க்கும், அவ்வளவுதான். எட்டடி ஏணியிலிருந்து சிமெண்டில் விழுவது வேறு.

சமதரையை ஊஞ்சலுக்கு வைத்துக்கொள்ளலாம். ஊஞ்சல் சின்ன இடத்தில் அடங்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேலே மாட்டும் இடம் 7 அடி உயரம் என்றால் முன்னால் 14 அடி, பின்னால் 14 அடி காலியாக விட வேண்டும். வரைபடத்தில் இரண்டு ஊஞ்சல்கள் நடைபாதையை ஒட்டியே இருக்கின்றன. வயதானவர்கள் கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது. பயன்படாமல் புதர் மண்டிக் கிடக்கும் கீழ்மூலைக்கு அவற்றைக் கொண்டுபோகலாம், அங்கே ஒரு மரத்தைக்கூட வெட்ட வேண்டியதில்லை. அடியில் குறைந்தது 9 அங்குலம் மரச்சீவல் போட வேண்டும், சிமெண்ட் கூடவே கூடாது. நம் மழையில் சீவல் மக்கும். வருடா வருடம் வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் நிரப்பத்தான் வேண்டும். துருப்பிடிக்கும் போல்ட்டுகளையும் அப்போதே பார்த்துவிடலாம். இந்தப் பராமரிப்பு யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்காமல் கட்டவே விடக் கூடாது. செலவுக்கு அரசின் 'நமக்கு நாமே' திட்டம் இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கை நாம் திரட்ட வேண்டும், என் பங்கைத் தர நான் தயார்.

காட்டெருமை வருமே என்று கேட்கிறார்கள். வரும், இப்போதும் வருகிறது, பிள்ளைகள் விளையாடும் அதே ரோட்டில்தான் வருகிறது. கேட்டும், பார்த்துக்கொள்ள நாலு பெரியவர்களும் உள்ள பூங்கா ரோட்டைவிடப் பாதுகாப்பானது. மாலை ஆறு மணிக்குப் பூட்டிவிட்டால் போதும். முள்கம்பி மட்டும் போட வேண்டாம், அது மாட்டையும் கிழிக்கும், பிள்ளையையும் கிழிக்கும்.

கடைசியாக, எனக்கு மிகவும் வருத்தம் தந்த விஷயம். போன மாதக் கூட்டத்தைப் புதன்கிழமை பதினோரு மணிக்கு வைத்தார்கள். அந்த நேரத்தில் இந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். வந்திருந்தவர்களில் பாதிப்பேர் வீட்டில் பத்து வயதுக்குக் கீழ் பிள்ளையே இல்லை. அதில் கை தூக்கச் சொல்லி எடுத்த கணக்கை "வார்டு மக்களின் கருத்து" என்று நகராட்சிக்கு அனுப்புவது சரியில்லை. அடுத்த பகுதி சபைக் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை, பூங்காவிலேயே வையுங்கள். கவுன்சிலரிடம் மனுவாக எழுதிக் கொடுக்கப்போகிறேன். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள், லைன் வீட்டு அக்காக்கள் உட்பட, எந்த நாள் மாலையிலும் என் வீட்டுக்கு வரலாம்.