எலுமிச்சைப்புல் தொட்டி கொசுவை விரட்டாது

“வாசலில் இரண்டு தொட்டி எலுமிச்சைப்புல் வையுங்கள், கொசு வீட்டுப்பக்கமே வராது” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது உண்மையல்ல.

கொசுவுக்குப் பிடிக்காத எண்ணெய் அந்த இலையில் இருப்பது சரிதான். ஆனால் அது இலைக்குள் அடைபட்டிருக்கிறது. கசக்கினாலோ காய்ச்சி வடித்தாலோதான் போதுமான அளவு வெளியே வரும், வந்த வேகத்தில் காற்றில் கலைந்தும் போகும். கடையில் விற்கும் சிட்ரோனெல்லா எண்ணெய் இதே இனத்தைச் சேர்ந்த வேறொரு புல்லிலிருந்து எடுக்கப்படுகிறது. அதைத் தோலில் பூசினாலும் பலன் கொஞ்ச நேரம்தான்.

எனக்குக் கவலை தருவது தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு. அதில் தேங்கும் தண்ணீர் போதும், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெருகுவதற்கு. நம் ஊர் வெப்பத்தில் முட்டை கொசுவாக 7 முதல் 10 நாட்களே ஆகும். வாரம் ஒருமுறை தட்டைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, ஓரங்களைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டைகள் அங்கேதான் ஒட்டியிருக்கும்.

புல்லைத் தாராளமாக வளருங்கள். நல்ல வெயிலும் நீர் வடியும் மண்ணும் வேண்டும். தூர் பெருத்ததும் பிரித்து நடலாம். தேநீரில் இரண்டு இலை போட்டால் மணம் அருமையாக இருக்கும்.