குடியை விட்டவர் உடனே தெரபிஸ்ட் ஆகிவிட முடியாது

"குடியை விட்டு ரெண்டு வருஷம் ஆனா போதும், வேலூர்ல ஒரு ரூம் பிடிச்சு தெரபிஸ்ட்னு போர்டு மாட்டலாம், படிப்பு தேவையில்ல" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இதை நம்பி யாரும் இறங்கிவிட வேண்டாம்.

நான் குடியை விட்டு ஒன்பது வருஷம். ஆரம்பத்தில் எனக்கும் இதே நினைப்புதான். குடியாத்தம் பக்கத்து அண்ணன் ஒருவர் திடீரென்று நிறுத்தியபோது, "மோர் குடிங்க, மனசைத் திடமா வச்சுக்குங்க" என்று புத்தி சொல்லிவிட்டு வந்தேன். இரண்டாம் நாள் ராத்திரி, எறும்பு ஊருது என்று வெறும் பாயைத் தட்டிக்கொண்டே இருந்தாராம். கை நடுக்கம், அப்புறம் வலிப்பு. அண்ணிதான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். பல வருஷம் குடித்த உடம்பு சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்பது எனக்குத் தெரியாது. நான் நிறுத்தியபோது அப்படி எதுவும் வரவில்லையே!

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் (மனநலப் பிரச்சினைகளுக்குச் சிகிச்சை தரும் உளவியலாளர்) என்று போட்டுக்கொள்ள, 1992 சட்டப்படி இந்திய மறுவாழ்வு மன்றத்தில் (ஆர்சிஐ) பதிவு வேண்டும். ஏஏ என்பது குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு; அந்தக் கூட்டத்தில் புதியவருக்குத் துணை நிற்கும் பழைய உறுப்பினரான ஸ்பான்சர் வேறு, தெரபிஸ்ட் வேறு. ஏஏ மரபுப்படி ஸ்பான்சர் அதற்குக் காசு வாங்குவதில்லை.

அனுபவம் வீண் என்று சொல்லவில்லை. அரசு உதவி பெறும் போதை மறுவாழ்வு மையங்களில், மீண்டவர்களுக்கென்றே சக வழிகாட்டி வேலை உண்டு. அதில் சேர்ந்துகொண்டே எம்எஸ்டபிள்யூ (சமூகப்பணி முதுகலைப் படிப்பு) அல்லது உளவியல் படியுங்கள். நான் இப்போது அதைத்தான் செய்கிறேன், நாற்பத்தி மூன்று வயதில்.