அணு உலை இல்லாவிட்டாலும் ஆபத்து உண்டு

"அணு உலையே இல்லாத சின்ன நாட்டுக்குக் கதிர்வீச்சு அவசரத் திட்டம் வீண்செலவு, அயோடின் மாத்திரை இருந்தால் போதும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

ஜார்ஜியாவை எடுத்துக்கொள்வோம் (அமெரிக்க மாநிலம் அல்ல, காக்கசஸ் நாடு). அங்கே அணுமின் நிலையம் கிடையாது. 2001 டிசம்பரில் லியா கிராமத்துக்கு அருகே விறகு சேகரிக்கப் போன மூன்று பேர் கண்ணில் இரண்டு உலோக உருளைகள் பட்டன. சுற்றிலும் பனி உருகிக் கிடந்தது. குளிருக்கு இதமாக இருக்கிறதே என்று இரவு முழுக்க அவற்றைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்கள். சில மணி நேரத்தில் வாந்தி. முதுகு வெந்துபோய், ஒருவர் 2004இல் இறந்தார். கதிரியக்க வெப்பத்திலிருந்து மின்சாரம் தயாரிக்கும் சோவியத் காலத்துக் கருவிகளில் இருந்த ஸ்ட்ரான்சியம்-90 என்ற கதிரியக்கப் பொருள் அது. யார் பொறுப்பில் இருந்தது என்ற கணக்கே இல்லாமல் காட்டில் கிடந்திருக்கிறது.

புற்றுநோய் சிகிச்சைக் கருவி, தொழிற்சாலையில் வெல்டிங்கைச் சோதிக்கும் கருவி என்று கதிரியக்க மூலங்கள் (கதிர்வீச்சை வெளியிடும் பொருட்கள்) ஏறக்குறைய எல்லா நாட்டிலும் இருக்கின்றன. உரிமம், பதிவேடு, பழைய இரும்புக் கிடங்கில் கதிர்வீச்சு அளவுமானி, இதெல்லாம் இதற்காகத்தான்.

அப்புறம் அந்த மாத்திரை: அது கதிரியக்க அயோடினிலிருந்து தைராய்டை மட்டும் காக்கும். ஸ்ட்ரான்சியம், சீசியம், கோபால்ட் போன்ற மற்ற கதிரியக்கப் பொருட்கள் எதற்கும் உதவாது.