ரோபோவும் தேவையில்லாத ஆணியும்

ரோபோ என்ற சொல்லை உருவாக்கியது விஞ்ஞானி இல்லை, ஓர் ஓவியர். செக் எழுத்தாளர் காரெல் சாபெக், செயற்கை மனிதர்களை வைத்து ஒரு நாடகம் எழுத உட்கார்ந்தார். அவர்களுக்கு 'லபோரி' என்று பெயர் வைக்கலாம், ஆனால் ரொம்பப் புத்தகத்தனமாக இருக்கிறதே என்று அண்ணன் யோசெப்பிடம் போய் நின்றார். படம் வரைந்துகொண்டிருந்த அண்ணன், வாயில் கவ்வியிருந்த தூரிகையை எடுக்காமலே, 'அப்ப ரோபோட்னு வையி' என்றாராம். செக் மொழியில் 'ரோபோட்டா' என்றால் பண்ணையாருக்குச் செய்யும் கட்டாய வேலை. 1920இல் நாடகம் அச்சாகி, அடுத்த வருஷம் பிராகாவில் மேடையேறியது. அப்புறம் உலகமே அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது.

இன்னொரு பக்கம், கணினிக்குள் நாம் உருவம் எடுத்து உலவும் மாய உலகத்துக்கு வைத்த பெயரான மெட்டாவெர்ஸைப் பாருங்கள். நீல் ஸ்டீபன்சன் 1992இல் ஒரு நாவலில் போட்ட சொல். 2021இல் இந்த முகநூல் கம்பெனியே அதை நம்பி மெட்டா என்று பெயர் மாற்றிக்கொண்டது. கோடி கோடியாகக் கொட்டியும் எங்கள் காரைக்குடியில் ஒரு வாயில்கூட அது நுழையவில்லை. கதையில் பிறந்த சொல்லைக் காசு கொடுத்துப் புழக்கத்தில் விட முடியாது என்பதுதான் நான் சொல்ல வருவது. பேசுகிறவனுக்கு அந்த இடத்தில் அது தேவைப்பட வேண்டும்.

தமிழ் நாவல்கள் இப்படிச் சொல் எதுவும் தரவில்லையே என்று நண்பர் ஒருவர் குறைப்பட்டார். சரி, நாவல் தராமல் இருக்கலாம். நமக்குக் கதை காது வழியாகத்தான் வந்தது. கம்பன் விழாவில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்து, கோள் சொல்லும் பக்கத்து வீட்டுக்காரியைக் கூனி என்போம். அந்த வேலையை இப்போது வடிவேலு செய்கிறார்.

கானாடுகாத்தானில் ஒரு கல்யாண வீடு. வளவில் சாமான் பரப்பிக்கொண்டிருந்தார்கள். எவர்சில்வர் தூக்கு வரிசைக்கு நடுவில் ஒரு பையன் பிளாஸ்டிக் பூச்சாடியைக் கொண்டுவந்து வைத்தான். எழுபதைத் தாண்டிய ஆச்சி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அது தேவையில்லாத ஆணி, அங்கிட்டு வையிப்பா" என்றார்கள்.

"படம் பாத்தீகளா ஆச்சி?"

"எந்தப் படம்? பேரன் சொல்லுவான்ல."

2001இல் வந்த 'பிரெண்ட்ஸ்' படத்தில், ஆணி பிடுங்கும் வேலைக் காட்சியில் வடிவேலு பேசிய வசனம் அது. படத்தையே அறியாத வாய்க்கு வந்துவிட்டது பாருங்கள், அங்கேதான் சொல் ஜெயித்தது. இணையத்தில் எழுதும் பையன்கள் இன்னும் ஒரு படி மேலே போய், ஆபீசில் வேலை குவிந்தால் 'ஆணி அதிகம்' என்கிறார்கள். செக்காரர்களுக்கும் நமக்கும் சலிப்பு தட்டிய வேலையிலிருந்துதான் சொல் கிடைக்கிறது போல.

அகராதி போடுகிறவர்கள் ஆணிக்கு இந்தப் பொருளையும் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி. சினிமாக் கொச்சை என்று மூக்கைச் சுளிப்பார்கள். லூயிஸ் கரோல் 1871இல் ஒரு பிதற்றல் பாட்டுக்காக விளையாட்டாகக் கட்டிய 'சார்ட்டில்' (குதூகலமாகக் கெக்கலித்துச் சிரிப்பது) என்ற சொல்லை ஆக்ஸ்போர்டு அகராதியே சேர்த்து வைத்திருக்கிறது. வடிவேலு மட்டும் என்ன குறைந்து போனார்?